வேலை கிடைக்கலையா? ஃபீஸைத் திருப்பிக் கேளுங்க!

என் நண்பனோட அண்ணன், "100% வேலை உத்தரவாதம்" என்ற நோட்டீஸை நம்பி ஒரு பயிற்சி நிலையத்தில் 45,000 ரூபாய் கட்டினார். கோர்ஸ் முடிந்து எட்டு மாசம் ஆச்சு, வேலை இல்லை. கேட்டால், "உங்க இங்கிலீஷ் போதாது" என்கிறார்களாம். பணம் வாங்கும்போது மட்டும் போதுமானதா இருந்ததா?

"படிப்பு விஷயத்துல கேஸ் நிக்காது" என்று பலர் சொல்வார்கள். கல்லூரி என்றால் ஓரளவு சரி. ஆனால் கோச்சிங் சென்டர்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-லேயே சொல்லிவிட்டது.

நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் பத்திரமா வையுங்க. முதலில் பணத்தைக் கேட்டு ஸ்பீட் போஸ்டில் கடிதம். அடுத்து 1915 ஹெல்ப்லைன். அதுக்கும் மசியலைன்னா உங்க ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போடணும், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை: நோட்டீஸில் "உத்தரவாதம்" என்று போட்டுவிட்டு, படிவத்தில் "வேலை தேட உதவி" என்று மாற்றியிருப்பார்கள். கையெழுத்துக்கு முன் படியுங்க.

அண்ணனோ, "வெளிய சொன்னா அசிங்கம்"னு சும்மா இருக்கார். அசிங்கப்பட வேண்டியது ஏமாந்தவரா, ஏமாற்றியவரா?