பரம்பரை மீது பழி போடலாமா?

வானொலியில் உடல்நலம் பற்றிப் பேசும் நாளெல்லாம், தொலைபேசியில் ஒரு வரி தவறாமல் வரும். "எங்க அப்பாவுக்கும் ஹார்ட் அட்டாக்தாங்க. எங்க பரம்பரையே அப்படி." சொல்பவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது.

இந்தப் பரம்பரைக் கணக்கை உலக அளவில் சோதித்துப் பார்த்தவர் டாக்டர் சலிம் யூசுப். கேரளாவின் கொட்டாரக்கரையில் பிறந்து, பெங்களூரில் மருத்துவம் படித்து, ஆக்ஸ்ஃபர்டில் ஆய்வு செய்து, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 52 நாடுகளில் மாரடைப்பு வந்த சுமார் 15,000 பேரையும், வராத ஏறக்குறைய அதே எண்ணிக்கையினரையும் அவர் குழு ஒப்பிட்டது. 2004-இல் முடிவு வந்தது. மாரடைப்பு அபாயத்தில் சுமார் 90 விழுக்காட்டை ஒன்பது காரணிகளே விளக்கிவிட்டன: புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், நீரிழிவு, தொப்பை, மன அழுத்தம், பழமும் காய்கறியும் குறைந்த உணவு, உடலசைவின்மை, மதுப் பழக்கம். குடும்ப வரலாற்றையும் சேர்த்தபோது கணக்கில் கூடியது ஒரே ஒரு விழுக்காடு!

பரம்பரை பொய் என்பதல்ல. அப்பாவிடமிருந்து ரத்தம் மட்டுமா வருகிறது? சாப்பாட்டுத் தட்டும் சேர்ந்தே வருகிறது. குனோங் ராபாட்டைச் சுற்றியிருந்த தோட்டங்களில் விடியலிலேயே பால்மரம் வெட்டப் போனவர்களின் உழைப்புக்கு அந்தச் சோற்று மலை தேவைப்பட்டது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் நமக்கும் அதே அளவுதானா? தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில், மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டு முன்பே வருகிறது என்று 2007-இல் அதே ஆய்வு காட்டியது.

மலேசியாவும் பங்கேற்ற இன்னோர் ஆய்வு 2017-இல் வந்தது. பழம், காய்கறி, பருப்பு எல்லாம் சேர்த்து நாளுக்கு 375 முதல் 500 கிராம் போதும் என்றது. சந்தையில் வாங்கும் கீரையும் பப்பாளியும் கொண்டைக்கடலையும்தான். விலை உயர்ந்த டப்பா தேவையில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 2019-இல் வெளியான ஆய்வு. மலேசியாவிலும் கொலம்பியாவிலும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வழிகாட்டினார்கள், மருந்து இலவசம், கூடவே துணைக்கு ஒரு குடும்பத்தவர் அல்லது நண்பர். ஓராண்டில் அவர்களின் ரத்த அழுத்தம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட 11 புள்ளி அதிகமாகக் குறைந்தது.

அந்தத் துணையாள் நாமாக இருக்கலாமே! வீட்டுப் பெரியவர்களிடம் "பசியாறிட்டீங்களா?" என்று தினமும் கேட்கிறோம். அதோடு, "மருந்து சாப்பிட்டீங்களா? வாங்க, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.