தேர்வு போனது, பழக்கம் வந்ததா?

நம் தொடக்கப்பள்ளிகளில் 2019இல் ஆண்டு 1 முதல் 3 வரை தேர்வுகள் நீக்கப்பட்டன. 2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வும் ரத்தானது. புள்ளிகளைத் துரத்தாமல் பிள்ளைகள் விரும்பிக் கற்க வேண்டும் என்பதே நோக்கம்.

ஆனால், நன்னெறிக்கல்வியின் 14 பண்புகளில் ஒன்றான ஊக்கமுடைமைக்குச் சரியாக விடையெழுதும் பிள்ளையின் வீட்டுப்பாடத்தை வேறொருவர் செய்து கொடுத்தால் பயன் என்ன? பண்பு மனப்பாடத்தால் வருவதில்லை. அட்டவணை பார்த்துத் தானே புத்தகப்பையை அடுக்குவதிலும், தவறிய கணக்கை மீண்டும் போட்டுப் பார்ப்பதிலும்தான் அது வளர்கிறது.

சுங்கைப் பட்டாணியில் பெற்றோர் தொழிற்சாலையில் ஷிப்டு வேலைக்குப் போகும் வீடுகளில், மாலையில் சின்னவர்கள் அருகில் இருப்பது அண்ணன், அக்காவான நாம்தான். தம்பி கேட்டதும் விடையைச் சொல்லிவிடாமல், "முதலில் நீ செய்து காட்டு" என்போம்.