மீந்த சில்லறை யாருக்குச் சேரும்?

பனாஜியில் மாண்டவி ஆற்றில் நங்கூரமிட்டு நிற்கும் சூதாட்டக் கப்பல்களில் போக்கர் போட்டி நடக்கும் நாள்களில், தொடக்க இடைவேளைகளுள் ஒன்றில் ஒரு சிறு காரியம் நிகழும். ஆட்டக்காரர்களில் பாதிப்பேர் தேநீருக்கும் புகைக்கும் எழுந்து போயிருப்பார்கள். சீட்டுப் போடும் டீலர் மட்டும் மேசையிலேயே இருந்து, ஒவ்வோர் இருக்கையின் முன்னாலிருந்தும் மிகச் சிறிய மதிப்புள்ள வில்லைகளைத் திரட்டத் தொடங்குவார். உலகெங்கும் போட்டிப் போக்கர் ஆடப்படும் இடங்களில் எல்லாம் உள்ள வழக்கம் இது. 'சிப் ரேஸ்' என்பது அதன் பெயர். சூதாட்டம் நல்லதா கெட்டதா என்ற பழைய வழக்குக்கு இந்தப் பதிவில் இடமில்லை. ஒரு சிறு நாணயத்தைப் புழக்கத்திலிருந்து நீக்கும்போது மீந்துபோகும் உதிரி யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்விக்கு, அந்த மேசை எழுதிவைத்திருக்கும் விடையே இங்குப் பொருள். அரசும் அங்காடியும் அந்தக் கேள்வியை இவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டதில்லை.

போட்டிப் போக்கரில் ஆட்டக்காரர் நுழைவுத் தொகை கட்டிக் குறிப்பிட்ட அளவு வில்லைகளைப் பெறுகிறார். அவற்றின்மேல் பொறித்த 25, 100, 500 என்னும் எண்கள் ரூபாயைக் குறிப்பவை அல்ல. காசுக்கு ஆடும் மேசையில் வில்லைகளைக் காசாளரிடம் நீட்டிப் பணமாக்கிக்கொண்டு வீடு திரும்பலாம். போட்டியில் அதற்கு வழியில்லை. வில்லை முழுதும் தீர்ந்தவர் வெளியேறுகிறார். இறுதிவரை தாக்குப்பிடிக்கும் சிலருக்கே பரிசு. ஆட்டம் முடிவின்றி நீளாதிருக்க, 'பிளைண்ட்' எனப்படும் கட்டாயப் பந்தயம் குறித்த நேரத்துக்கு ஒருமுறை உயர்ந்துகொண்டே போகும். 25–50 என்று தொடங்குவது 100–200 ஆகி, பிறகு 500–1000 ஆகும். பந்தயங்கள் நூறின் மடங்குகளிலேயே நடக்கும் கட்டம் வந்துவிட்டால் 25 மதிப்புள்ள வில்லைக்கு வேலையில்லை. அது மேசையில் குவிந்து கிடந்தால் எண்ணும் நேரம்தான் வீணாகும். எனவே நீக்கிவிடுகிறார்கள்.

பெரும்பகுதி எளிது. நான்கு 25 வில்லைகளை வாங்கிக்கொண்டு ஒரு 100 வில்லை கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். சிக்கல் மீதத்தில்தான். ஒவ்வொருவரிடமும் ஒன்றோ இரண்டோ மூன்றோ உதிரிகள் மிஞ்சும். அவற்றுக்கு ஈடான வில்லை இனி மேசையில் இருக்கப்போவதில்லை. ரொக்கமாகக் கொடுக்கவும் முடியாது.

ஒன்பது பேர் அமர்ந்த மேசை என்று கொள்ளலாம். மூவருக்கு மீதமில்லை. இருவரிடம் மும்மூன்று, இருவரிடம் இரண்டிரண்டு, இருவரிடம் ஒவ்வொன்று. மொத்தம் பன்னிரண்டு உதிரிகள், மதிப்பு 300. டீலர் அவற்றை எடுத்துக்கொண்டு மூன்று 100 வில்லைகளை மேசை நடுவில் வைக்கிறார். பின்பு சீட்டைக் கலைத்து, தம் இடப்பக்கத்து முதல் இருக்கையிலிருந்து தொடங்கி, உதிரி ஒன்றுக்கு ஒரு சீட்டு வீதம் முகம் தெரியும்படி போடுகிறார். மூன்று உதிரி வைத்திருந்தவருக்கு மூன்று சீட்டு, ஒன்று வைத்திருந்தவருக்கு ஒன்று. மிக உயர்ந்த சீட்டு எவர் முன் விழுந்ததோ அவருக்கு முதல் வில்லை. இரண்டு ராஜா விழுந்தால் இஸ்பேட், ஆர்ட்டின், டைமன், கிளாவர் என்ற வரிசை முடிவு சொல்லும். எல்லோர் கண்முன்னும் நடப்பதால் முறையீட்டுக்கு இடம் குறைவு. ஆட்டக்காரர்கள் உடனிருந்து பார்ப்பது நல்லது என்று விதியே அறிவுறுத்துகிறது. அதைக் கேளாமல் தேநீருக்குப் போகிறவர்களே மிகுதி என்பது வேறு.

இதுவரை இது வெறும் குலுக்கல்தான். 2001-இல் தொடங்கப்பட்ட போட்டி இயக்குநர்கள் சங்கத்தின் விதித்தொகுப்பில் இதனுடன் சேர்ந்துவரும் இரண்டு கட்டுப்பாடுகளே இதற்கு வேறொரு தன்மையைத் தருகின்றன.

ஒருவருக்கு ஒரு வில்லைக்கு மேல் கிடைக்காது என்பது முதலாவது. மூன்று சீட்டு பெற்றவருக்கு ஏஸும் ராஜாவும் சேர்ந்து விழுந்தாலும் இரண்டாவது சீட்டு கணக்கில் வராது; வில்லை அடுத்தவருக்குப் போகும். இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வரம்பில்லாத குலுக்கலில், மேற்சொன்ன மேசையில் ஓர் உதிரிக்காரர் சராசரியாகத் தம் 25-ஐயும், மூன்று உதிரிக்காரர் தம் 75-ஐயும் திரும்பப் பெறுவார்கள். வரம்பு வந்தபின் ஓர் உதிரிக்காரருக்கு வில்லை கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு ஆகிறது. மூன்று உதிரிக்காரருக்கு அது 68 விழுக்காடு அளவில் நின்றுவிடுகிறது. இரண்டு வைத்திருந்தவர் பாதிக்குச் சற்று மேலே இருக்கிறார். விதியை எழுதியவர்கள் இதை எண்ணி எழுதினார்களோ, விரைவு கருதி எழுதினார்களோ, விதி சாய்வதென்னவோ சிறியவர் பக்கம்தான்.

இரண்டாவது கட்டுப்பாடு இன்னும் முக்கியமானது. இந்தக் குலுக்கலில் தோற்று எவரும் போட்டியிலிருந்து வெளியேறக் கூடாது. ஒருவரிடம் மொத்தமே இரண்டு 25 வில்லைகள்தாம் எஞ்சியிருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், அவருக்கு விழுந்த சீட்டுகள் இரண்டும் மட்டமானவையாக இருந்தாலும், மேசையில் தொடரும் மிகச் சிறிய வில்லை ஒன்று அவருக்குத் தரப்படும். ஐம்பது வைத்திருந்தவர் நூறுடன் உட்காருகிறார். ஆட்டத்தில் தோற்று வெளியேறலாம். அலகு மாறியதால் வெளியேறலாகாது. ஈவிரக்கமற்றது என்று பெயரெடுத்த ஓர் ஆட்டத்துக்குள் இப்படி ஒரு விதி இருப்பது வியப்புக்குரியது.

இவற்றுக்கெல்லாம் அடியில், எழுதப்படவே தேவையில்லாத மற்றொன்று இருக்கிறது. உதிரிகளில் எதுவும் அரங்க உரிமையாளருக்கும் டீலருக்கும் போவதில்லை. அரங்கம் கூலி வாங்காமல் இல்லை. நுழைவுக் கட்டணத்திலேயே அதன் பங்கு அடங்கியிருக்கிறது. ஆனால் அது முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட பங்கு. இடைவேளையில் சிதறிய சில்லறை, அதை வைத்திருந்தவர்களுக்குள்ளேயே சுற்றி முடிகிறது.

இந்தியா தன் சிறு காசுகளை விலக்கிய கதையை இதன் அருகில் வைத்துப் பார்ப்பது தகும். 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் நூறு நயா பைசாவாகப் பிரிக்கப்பட்டது. அதுவரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா, 192 பை. ஓர் அணாவின் சரியான மதிப்பு 6.25 நயா பைசா. கால் நயா பைசாவுக்குக் காசு கிடையாது. 1955-இல் திருத்தப்பட்ட நாணயச் சட்டம் இதற்கு விதி செய்தது. ஒரு பரிவர்த்தனையில் கொடுக்கப்படும் பழைய காசுகளின் மதிப்பை, அருகிலுள்ள நயா பைசாவுக்கு மாற்ற வேண்டும். சரிபாதியாக நின்றால் கீழே இறக்க வேண்டும். அதன்படி ஓர் அணா 6, இரண்டு அணா 12, மூன்று அணா 19, நான்கு அணா 25. போக்கர் மேசையில் வரும் அதே ஒன்று, இரண்டு, மூன்று என்ற மீதங்கள்! மூன்று அணா கொடுத்தவருக்குக் கால் நயா பைசா மிச்சம். ஓர் அணா கொடுத்தவருக்குக் கால் நட்டம். இரண்டு அணாக்காரருக்கு அரை நட்டம்.

தாளில் இது நேர்மையான விதிதான். ஆனால் 'ஒரு பரிவர்த்தனை' என்ற சொற்களில் ஒரு வேறுபாடு ஒளிந்திருக்கிறது. பதினாறு அணாவைச் சேர்த்துக் கொடுத்தவர் நூறு நயா பைசா பெற்றார். அதே பதினாறு அணாவை நாளுக்கு ஒன்றாகப் பதினாறு முறை செலவழித்தவருக்குக் கிடைத்தது 96. மொத்தமாக வாங்கும் வசதியுள்ளவர் முழு மதிப்பைக் கண்டார். அன்றாடம் காய்ச்சியின் கையிலிருந்து நான்கு நயா பைசா கழன்றது. பெரிய தொகை இல்லை என்று சொல்லிவிடலாம். எனினும் அது சென்று சேர்ந்த திசை ஒன்றே: காசைப் பெற்றுக்கொண்டவரின் பக்கம். அவரே விலை எழுதுபவராகவும் இருந்தால், உதிரியின் போக்கைத் தீர்மானிப்பவரும் அவரே.

2011-இல் கதை இன்னும் சுருக்கம். 25 பைசாவும் அதற்குக் கீழுள்ள நாணயங்களும் ஜூன் 30 முதல் செல்லாதவையாயின. ஜூன் 29 வரை வங்கிக் கிளைகளில் முகமதிப்புக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற அறிவிப்பு முன்பே வந்தது. முறையில் குறையில்லை. ஆனால் உண்டியலில் மூன்று நாலணா வைத்திருந்த மூதாட்டி அவற்றை மாற்ற வங்கிக்குப் பேருந்தேறியிருப்பார் என்று எவரும் நம்பியிருக்க முடியாது. பேருந்துக் கட்டணத்தை விடச் சிறிய மீதத்துக்கு முகமதிப்பு என்பது ஏட்டளவில் தரப்பட்ட உரிமை. அந்தக் காசுகள் அப்போதே பெரும்பாலான கடைகளில் செல்லாக் காசாகியிருந்தன என்பதும் உண்மையே. இந்தி பேசும் பகுதிகளில் 'சவன்னி' என்பது அற்பமானதைச் சுட்டும் ஏச்சாகியிருந்தது, தமிழில் 'காலணாவுக்குப் பெறாதவன்' என்பதுபோல.

இப்போது அந்தச் சில்லறை கடைப் பலகையில் இருக்கும் மிட்டாய்ப் புட்டிக்குள் போய்விட்டது. 99 ரூபாய் என்று விலை எழுதி, நூறு வாங்கிக்கொண்டு, மீதம் ஒரு ரூபாய்க்கு மிட்டாய் நீட்டும் வழக்கத்தை நாடெங்கும் காணலாம். அடுத்த முறை அதே மிட்டாயை ஒரு ரூபாயாகக் கொடுத்தால் கடைக்காரர் ஏற்கமாட்டார் என்பதை எல்லோரும் அறிவர். 2017-ஆம் ஆண்டின் மத்திய சரக்கு, சேவை வரிச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு, வரித் தொகையை அருகிலுள்ள ரூபாய்க்கு மாற்றச் சொல்கிறது: ஐம்பது பைசாவும் மேலும் இருந்தால் ஏற்றம், குறைந்தால் இறக்கம். விதி இருபுறமும் சமம். ஆனால் இருபுறச் சமம் நியாயமாக வேண்டுமானால் மீதங்கள் தற்செயலாக விழ வேண்டும். போக்கர் மேசையில் அதற்காகத்தான் சீட்டைக் கலைக்கிறார்கள். அங்காடியில் மீதத்தை முன்கூட்டி அறிந்தவர் விலைச்சீட்டை அச்சிடுபவர் ஒருவர்தான். கலைத்துப் போட அங்கே எவருமில்லை.

எதிர்வாதங்கள் உண்டு. அலைபேசி வழிப் பணப்பரிமாற்றத்தில் பைசாவும் துல்லியமாகச் செல்லும். அங்கே உதிரி என்ற சிக்கலே இல்லை. இணையப் போக்கரிலும் சிப் ரேஸ் தேவைப்பட்டதில்லை, வில்லைகள் அங்கே வெறும் எண்கள் என்பதால். ஆனால் ரொக்கத்தில் வாங்குவோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் சிறு தொகைக்கு வாங்குவோர்.

மற்றொரு வாதம் போக்கர் அரங்குகளிலிருந்தே வருகிறது. சிப் ரேஸ் நேரத்தைத் தின்கிறது என்று கருதி, இப்போது பல போட்டிகளில் குலுக்கலையே விட்டுவிட்டு, உதிரி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பெரிய வில்லையைக் கொடுத்துவிடுகிறார்கள். மேற்சொன்ன மேசையில் மூன்றுக்குப் பதில் ஆறு வில்லைகள் போகும். இல்லாத 300 புதிதாகப் பிறக்கும். ஒவ்வொருவரும் 20,000 வில்லை மதிப்புடன் தொடங்கிய மேசையில், மொத்தமுள்ள 1,80,000-இல் அது அறுநூறில் ஒரு பங்கு. தூய கணக்கு விரும்பிகள் இதைக் குறை கூறுவர், அது பொருந்தாது. இந்த முறையில் ஓர் உதிரி வைத்திருந்தவருக்கு 75 கூடுகிறது, மூன்று வைத்திருந்தவருக்கு 25 மட்டுமே. செலவு மேசை முழுவதற்கும் மெல்லப் பரவுகிறது. அலகை ஒழிப்பதால் எல்லோருக்கும் எளிமை கிட்டுகிறதென்றால் அதன் செலவையும் எல்லோரும் ஏற்பது முறைதானே?

பழைய முறையோ புதிய முறையோ, இடைவேளைக்கு முன்பே விதி தெரிந்திருக்கும். இடைவேளை முடிந்தபின் சட்டைப் பையில் ஒளிந்திருந்த ஒற்றை 25 வில்லையை ஒருவர் கண்டெடுத்தால், அதற்கும் விதி உண்டு: தொடரும் மிகச் சிறிய வில்லையின் மதிப்பை எட்டாவிட்டால் ஈடின்றி எடுத்துக்கொள்ளப்படும். கடுமையான விதி, ஆனால் முன்பே சொல்லப்பட்டது.

ஐம்பது பைசா நாணயம் இன்றும் சட்டப்படி செல்லும். ரிசர்வ் வங்கி இதைத் திரும்பத் திரும்பத் தெளிவுபடுத்தியும், அதை வாங்கும் கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒருநாள் அதையும் விலக்கும் அறிவிப்பு வரும். அதன் நகலில் மாற்றிக்கொள்ளும் கடைசி நாள் இருக்கும், வங்கிக் கிளைகளின் விவரம் இருக்கும். ஒற்றை எட்டணாவுடன் நிற்பவருக்கு முழு ரூபாயாகத் தரப்படும் என்ற ஒரு வரியைச் சேர்ப்பதற்கு, அரசுக்கு ஆகக்கூடிய செலவு ஆளுக்கு ஐம்பது பைசா.