பழைய இரும்பும் எங்கட ஆக்களும்

திங்கட்கிழமை றெஸ்ரோறண்ட் லீவு. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் 1932 ஃபோர்ட் ஒன்றை ஹொட் ரொட் ஆக்கிக்கொண்டிருக்கிறார். அவரின்ர கராஜுக்குள்ள நான் கிறைண்டரோட நிப்பன். "கோப்பை கழுவினது காணாதெண்டு ஓசியில இரும்பும் தட்டுறார்" எண்டு எங்கட ஆக்களுக்கு நக்கல்.

கேளுங்கோ. அந்தக் காரின்ர சேசித் தண்டு 'ப' மாதிரித் திறந்தபடி இருக்கும். பெரிய எஞ்சின் வைச்சால் முறுகும். திறந்த பக்கத்தைத் தகடு வைச்சு அடைக்கவேணும். ஒரே இழுப்பில வெல்ட் பண்ணினீங்களோ, சூட்டில தண்டு வளைஞ்சுபோம். இங்க ஒரு அங்குலம், தள்ளி அங்க ஒரு அங்குலம், ஆறவிட்டு ஆறவிட்டுத்தான். எஞ்சின் தாங்கிகளையும் முதலில பொட்டுப்பொட்டா ஒட்டி, எல்லாம் சரியா இருக்குதோ எண்டு பார்த்த பிறகுதான் முழு வெல்டிங். நான் கம்பஸில ரெண்டு வருசம் பௌதிகம் படிச்சனான். இதில ஒண்டும் தெரியாது.

கிழவர் செய்தால் கலையாம். 1990களில, பொருளாதாரத் தடைக்குள்ள, ஒஸ்ரின் ஏ40-ஐ மண்ணெண்ணெயில ஓடவைச்சு, பாட்ஸைப் பழைய இரும்பில கடைஞ்செடுத்த எங்கட ஒழுங்கை மெக்கானிக் அண்ணை செய்தது மட்டும் ஒட்டுவேலையாம்! அந்த ஒட்டுவேலைக் காரிலதானய்யா என்ர அம்மாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

வாற திங்கள் முன் அச்சுப் பூட்டுறம். நக்கலடிக்கிறவை வந்து ஒரு பக்கம் பிடியுங்கோ.