பனி வருமுன்னே



திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரை உலகுக்கு ஈந்த போலந்து நாட்டில் ஜூன் மாதப் பகற்பொழுது ஏறத்தாழ 17 மணி நேரம் நீடிக்கின்றது. டிசம்பரிலோ 8 மணி நேரங்கூட இல்லை. இவ்விரண்டிற்கும் இடையே வரும் இலையுதிர் காலத்தை அம்மக்கள் 'பொன் இலையுதிர் காலம்' எனப் பெருமையோடு அழைக்கின்றனர். ஆகஸ்டு இறுதியில், புனித பர்த்தலோமேயு திருநாளையொட்டி, கூரைகளின் மேல் கூடு கட்டி வாழ்ந்த செங்கால் நாரைகள் ஆப்பிரிக்காவை நோக்கிப் புறப்பட்டுவிடும். பறக்க இயலாதவர்கள் பனிக்காலத்திற்கு ஆயத்தமாக வேண்டும்.

மரங்களும் ஆயத்தமாகின்றன. காற்றுத்தான் இலைகளை உதிர்க்கின்றது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் மரமே அதற்கு ஏற்பாடு செய்கின்றது. பகல் குறுகிக் குளிர் தொடங்கியதும், அது இலையின் பச்சையத்தைச் சிதைத்து, மீட்கத்தக்க சத்துகளைக் கிளைகளுக்கும் தண்டிற்கும் எடுத்துக்கொள்கின்றது. பச்சை அகன்றவுடன், அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகின்றது. பின்னர்க் காம்பின் அடியில் தக்கை போன்றதொரு படலம் வளர்ந்து காயத்தை மூடுகின்றது. அதன்பின் இளங்காற்றே போதும். அடுத்த வசந்தத்திற்குரிய மொட்டோ, கோடையிலேயே அக்காம்பின் அருகே உருவாகிவிட்டது! மொட்டு அமைந்த பிறகே இலை விடைபெறுகின்றது.

வீடுகளிலும் இதே கவனந்தான். உருளைக்கிழங்கைத் தோண்டி, வைக்கோலிட்டு, உறைபனி தீண்டாதவாறு மண்ணால் மூடிக் குவித்து வைப்பது கிராமத்து வழக்கம். முட்டைக்கோசை மெல்லியதாக அரிந்து, உப்பிட்டு மிதித்துப் பீப்பாயில் அடைப்பர். நன்கு கழுவிய கால்களோடு அதில் ஏறி மிதிப்பது முற்காலத்தில் சிறுவர்களின் வேலையாம்; அவர்களுக்கு அதைவிட உவப்பான வேலை இருந்திருக்க முடியாது. உப்பும் காலமும் சேர்ந்து அதைப் புளிக்கவைக்க, பச்சைக் காய்கறி கிடைக்காத மாதங்களில் அதுவே உடலைக் காக்கும். காட்டில் பறித்த காளான்களை நூலில் கோத்து அடுப்பருகே உலர்த்துவர்.

சேமித்து வைப்பது இறைநம்பிக்கைக் குறைவு என்று கூறுவோர் நம்மிடையேயும் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. எகிப்தில் சூசை தானியம் சேர்த்தது ஒரு நாட்டையே பசியிலிருந்து காத்ததன்றோ? களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய செல்வன் கண்டிக்கப்பட்டது, அந்தக் களஞ்சியத்தில் தன்னைத் தவிர வேறு எவருக்கும் இடம் வைக்காததால்தான்.

ஆயத்தம் செய்ய விரும்பியும் இயலாதவர்கள் நிலை என்ன? 2022-ஆம் ஆண்டு உக்ரைன் மீது போர் மூண்டதும், போலந்து ரஷ்ய நிலக்கரியை வாங்க மறுத்துத் தடைவிதித்தது. அந்நாட்டில் இலட்சக்கணக்கான இல்லங்கள் நிலக்கரியாலேயே வெப்பம் பெறுகின்றன. ஆகஸ்டு மாத வெயிலிலேயே, லூப்ளின் நகருக்கு அருகிலுள்ள போக்தாங்கா சுரங்கத்தின் வாயிலில் மக்கள் பனிக்கால நிலக்கரிக்காக வண்டிகளிலேயே உறங்கிப் பலநாள் காத்துக் கிடந்தனர். அந்தப் புகை நுரையீரலுக்குத் தீங்கு என்பதும் மெய்யே. கிராக்கோ நகரம் 2019 செப்டம்பர் முதல் வீடுகளில் நிலக்கரியையும் விறகையும் எரிப்பதற்குத் தடைவிதித்துள்ளது. ஆயினும் குளிரில் நடுங்கும் முதியவரிடம் முதலில் பேசவேண்டியது புகையைப் பற்றியன்று.

நவம்பர் முதல் நாளில் அம்மக்கள் கல்லறைகளில் செவ்வந்தி மலர்கள் வைத்து விளக்கேற்றுகின்றனர். 11-ஆம் நாள் புனித மார்ட்டின் திருநாள். அவர் வெண்குதிரையில் வருவார், அதாவது முதற்பனி பெய்யும், என்பது அங்குள்ள முதுமொழி. தம் மேலாடையைப் பாதியாக வெட்டிப் பிச்சைக்காரனுக்கு அளித்தவர் பனியோடு வருவது பொருத்தமே. பொஸ்னான் நகரில் 1891-ஆம் ஆண்டு, புனித மார்ட்டின் பங்கின் குருவானவர் ஏழைகளை நினைவுகூருமாறு மறையுரையில் வேண்டினாராம். அதைக் கேட்ட ரொட்டிக்காரர் ஒருவர் கசகசாப் பூரணம் வைத்த பிறைவடிவ ரொட்டிகளைச் சுட்டு, வசதி படைத்தோருக்கு விற்று, வறியோருக்கு இலவசமாய் வழங்கினார் என்பர். மறையுரையைக் கேட்டு அன்றே அடுப்பு மூட்டிய பங்கு மக்களைப் பெற்ற அக்குருவானவரை எண்ணிச் சற்றே பொறாமை கொள்கிறேன்!

இலையுதிர் காலத்தில் உலர்த்திய காளான்கள் கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்தைய இரவு விருந்தில் இடம்பெறும். அவ்விருந்து மேசையில் எதிர்பாராது வரும் விருந்தினருக்கென ஒரு தட்டை மிகுதியாக வைப்பது பண்டைய வழக்கம். பல ஆண்டுகள் அது வெறுமனே இருக்கும். 2022-ஆம் ஆண்டு, பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட உக்ரைன் அகதிகள் அந்நாட்டில் தங்கியிருந்தபோது, பல இல்லங்களில் அந்தத் தட்டின் முன் ஒரு தாயோ குழந்தையோ அமர்ந்திருந்தனர்.