படத்தின் பின்புறம் எழுதுங்கள்



எங்கள் வீட்டுப் பழைய படத்தொகுப்பில் கூரை மடக்கும் மோரிஸ் மைனர் மகிழுந்து ஒன்று உண்டு. துணிக்கூரை பின்னால் மடிந்து கிடக்க, தோட்டத்துக் கிராணியாக இருந்த தாத்தா ஓட்டுநர் இருக்கையில் நிமிர்ந்து அமர்ந்திருப்பார். பின்னிருக்கையில் பாட்டி. "மெர்டேக்கா ஆண்டில், 1957இல், தாத்தா புத்தம்புதிதாய் வாங்கியது" என்பதே நாங்கள் கேட்டு வளர்ந்த கதை.

அண்மையில் அப்படத்தை உற்றுநோக்கினேன். முன்கண்ணாடி நடுவே கம்பியிட்டு இரு துண்டுகளாக இருந்தது. 1948இல் அறிமுகமான மோரிஸ் மைனருக்கு 1956இல்தான் ஒற்றைக் கண்ணாடி வந்தது. அப்படியானால் 1957இல் வாங்கியது புதிய வண்டிதானா என்ற ஐயம் எழுந்தது.

அத்தையிடம் கேட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்த அவர், "தாயகம் திரும்பிய சின்னத் துரையிடம் வாங்கிய பழைய வண்டியப்பா அது. பாட்டியின் இரட்டை வடச் சங்கிலி அதற்காக அடகுக்குப் போயிற்று. கடைசிவரை மீட்கவே இல்லை" என்றார். தோட்டத்தில் யாருக்கேனும் இரவில் உடம்பு முடியாமல் போனால், பட்டணத்து மருத்துவமனைக்கு ஓடியதும் அந்த வண்டிதானாம்.

மீண்டும் படத்தைப் பார்த்தேன். பாட்டியின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டுமே இருந்தது. எத்தனையோ முறை பார்த்த படம். அன்றுதான் என் கண்ணில் பட்டது.

பெருமைக்காகச் சொல்லப்பட்ட கதையைவிட, மறைக்கப்பட்ட உண்மையே என் பாட்டியை எனக்கு உயர்த்திக் காட்டியது. வறுமையும் தியாகமும் வெட்கத்துக்குரியன அல்ல. அவற்றை மறைத்து வளர்க்கும்போது, தாம் எவர் தோள்மீது நிற்கிறோம் என்பதையே பிள்ளைகள் அறியாமற் போகின்றனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, உறவுகள் சிதறிப்போன நம் சமுதாயத்துக்கு இவ்விழப்பு சிறியதன்று.

இன்று கைப்பேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் குவிகின்றன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒரு வரி இல்லை. சொல்லில்லாத படம் இரண்டு தலைமுறைக்குள் ஊமையாகிவிடும்.

ஆசிரியர்களே, கட்டுரை வகுப்பில் "நான் ஒரு மகிழுந்து" என்று கற்பனையாக எழுதச் சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். வீட்டிலுள்ள பழைய படம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். யார், எங்கே, எப்போது, ஏன் என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதட்டும். வண்டியின் பதிவெண்கூடப் பாடம் சொல்லும்: 'ஏ' என்றால் பேராக், 'கே' என்றால் கெடா, 'ஜே' என்றால் ஜொகூர்.

பெற்றோர்களே, இந்த விடுமுறையில் படத்தொகுப்பைத் திறந்து, ஒவ்வொரு படத்தின் பின்புறமும் பென்சிலால் பெயரையும் ஆண்டையும் எழுதிவையுங்கள். உண்மையையே எழுதுங்கள்.

என் அத்தைக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. ஓராண்டு தாமதித்திருந்தாலும் அச்சங்கிலியின் கதை எனக்குக் கிட்டியிருக்குமா? உங்கள் வீட்டில் கேட்க வேண்டியவர் யார்? இன்றே கேளுங்கள்.