ஆடித் தள்ளுபடியும் பின் சீட்டும்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் நம்மில் பலருக்குக் கால் வீட்டில் தங்காது. "பாதி விலைக்குப் போட்டிருக்கான்" என்று பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், வேண்டாத புடவை ஒன்று பீரோவில் ஏறிவிடும். நான் மட்டும் விதிவிலக்கா என்ன? எப்போதோ தள்ளுபடியில் எடுத்த ஊதாப் புடவை ஒன்று இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. வாங்கின அன்று 600 ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டதாக எங்கள் வீட்டுக்காரரிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். கட்டாத புடவையில் மிச்சம் ஏது?

இந்தப் புடவையின் ஞாபகம் எனக்கு எங்கே வந்தது தெரியுமா? அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், ஒரு கார் ஷோரூமில்!

2023 ஜூலையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்திக்கு அப்போது ஆறு மாதம். செப்டம்பரில் மகள் திரும்பவும் வேலைக்குப் போகவேண்டும். வீட்டில் இருந்தது நாலு கதவு வைத்த பழைய கார் ஒன்றுதான். இருவரும் வேலைக்குப் போனால் இரண்டாவது கார் இல்லாமல் அந்த ஊரில் முடியாது. எதை வாங்குவது என்பதில்தான் வந்தது வினை.

"அம்மா, அவருக்கு மஸ்டாங் வேணுமாம்" என்றாள் மகள், இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே.

"அது என்னடி, பூனைக்குட்டியா?"

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "இல்லே அத்தை, மசில் கார்னு சொல்லுவாங்க. நான் காலேஜ் படிக்கிறப்போ சைக்கிள் கடைச் சுவத்துல படம் ஒட்டியிருப்பாங்க. அன்னிலேர்ந்து ஒரு ஆசை" என்றார். முப்பத்தைந்து வயது மனிதர், முகத்தில் மட்டும் பத்து வயதுப் பையன்.

அந்த ஊரில் அந்த ஆசை வருவதில் அதிசயமும் இல்லை. ஃபோர்ட் கம்பெனி 1964 ஏப்ரலில் முதல் மஸ்டாங்கை வெளியிட்டது. முதல் வருஷமே நாலு லட்சத்துக்கு மேல் விற்றதாம். இப்போதும் மிச்சிகனில் ஃப்ளாட் ராக் என்ற ஊரில்தான் அதைச் செய்கிறார்கள். ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்களுக்கென்று ஒரு திருவிழா, 1995-லிருந்து நடக்கிறது. நம் ஊர்த் தேரோட்டம் மாதிரி, சாலை ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கார் ஊர்வலம் பார்க்கிறார்கள். கார்களின் உறுமலில் என் பேத்தி மட்டும் சுகமாகத் தூங்கினாள்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கோடையில்தான் மஸ்டாங்கின் புது மாடல், அதாவது 2024 மாடல், கடைகளுக்கு வர ஆரம்பித்திருந்தது. 2015-லிருந்து ஓடிக்கொண்டிருந்த பழைய மாடலின் கடைசி வண்டிகள் 2023 என்ற கணக்கில் நின்றன. பழையது என்றால் ஓட்டின வண்டி இல்லை, புத்தம் புதிது. கடைக்காரர்கள் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நிற்கிற நாளுக்கெல்லாம் வட்டி ஏறும். அதனால் விலையைக் குறைத்தாவது தள்ளிவிடப் பார்ப்பார்கள். அவர்களுக்கும் அது ஆடிதான்!

"பழசை எடுத்தா ரெண்டாயிரம் டாலர் குறையும். புதுசை எடுத்தா புது முகம், பெரிய திரை" என்று மாப்பிள்ளை ஒரு வாரம் இரண்டு பக்கமும் பேசினார். நான் கேட்டுத் தெரிந்துகொண்டது இதுதான். வெளித் தகடும் உள் அலங்காரமும் மாறியிருக்கின்றனவே தவிர, அடிப்படைச் சட்டம் ஏறக்குறைய பழையதுதான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம் இரண்டிலும் ஒன்றே. சின்ன எஞ்சின் இரண்டிலும் 2.3 லிட்டர், பழையதில் 310 குதிரை சக்தி, புதியதில் 315. ஐந்து குதிரை கூடியது யாருக்குத் தெரியப்போகிறது? பழையதில் ஏ.சி.யைக் கூட்டக் குறைக்கத் திருகும் பொத்தானும் உண்டு. புதியதில் அதெல்லாம் 13 அங்குலத் திரைக்குள் போய்விட்டது. குழந்தை அழும்போது திரையைத் தடவித் தேடுவதைவிடக் கைக்குத் தெரிந்த பொத்தான் தேவலை என்றாள் மகள். இன்னொன்று, சின்ன எஞ்சினுடன் கிளட்ச், கியர் வைத்த வண்டி பழைய மாடலோடு சரி. புதியதில் அந்த எஞ்சினுக்கு ஆட்டோமாட்டிக் மட்டும்தான்.

"அப்போ பழசுதான்!" என்று மாப்பிள்ளை முடிவுக்கு வந்துவிட்டார். நானும் தலையாட்டியிருப்பேன். ஆனால் மகள் கேட்ட ஒரு கேள்வியில் எல்லாம் நின்றுவிட்டது.

"திங்கள், புதன், வெள்ளி பாப்பாவைக் காப்பகத்துல விடறது உங்க முறை. எந்த வண்டியில விடுவீங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை. மறுநாள் அவள் வாதாடிக்கொண்டிருக்காமல், பழைய காரிலிருந்து குழந்தை இருக்கையைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஷோரூமுக்கு வந்துவிட்டாள். பழைய மாடலில் மாட்டிப் பார்த்தோம். இரண்டே கதவு, முன் சீட்டை மடக்கி, முதுகை வளைத்து, தலையைக் குனிந்து, கையை நீட்டித்தான் உள்ளே போகவேண்டும். பின்னால் கால் வைக்கும் இடம் 29 அங்குலம்தான். குழந்தையின் இருக்கை பின்னோக்கி இருக்கவேண்டியது. அதை மாட்டினதும் முன் சீட்டைத் தள்ளித் தள்ளி, அதில் ஆள் உட்காரவே முடியாமல் போயிற்று. புது மாடலிலும் மாட்டினோம். அதே 29 அங்குலம், அதே கதை!

மகளுக்குச் சிசேரியன் ஆகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஏழு கிலோ குழந்தையை ஏந்திக்கொண்டு அப்படி வளைந்து நிமிர்ந்தபோது "அம்மா!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. விலை குறைப்பு, குதிரை சக்தி எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் எங்கேயோ போய்விட்டன.

இங்கே இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. காரில் எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் மட்டும் போதாது. எந்தச் சீட்டுக்கு என்றும் கேளுங்கள். 2015-ல் வந்த மஸ்டாங்குக்கு அமெரிக்க அரசின் சோதனையில் 5 நட்சத்திரம். அதே மாடலுக்கு 2017 ஜனவரியில் ஐரோப்பாவின் யூரோ என்கேப் கொடுத்தது 2 நட்சத்திரம்தான். சில மாற்றங்கள் செய்தபின் அந்த வருஷமே 3 ஆயிற்று. ஏன் இந்த வித்தியாசம்? அமெரிக்க அரசின் நேர் மோதல் சோதனையில் பொம்மைகளை முன் சீட்டில்தான் உட்கார வைக்கிறார்கள். ஐரோப்பாவில் பின் சீட்டிலும் வைத்து, குழந்தை பொம்மைகளையும் வைத்துப் பார்க்கிறார்கள். மோதும்போது பெல்ட்டைச் சட்டென்று இறுக்கிப் பிடிக்கும் அமைப்பு பின் சீட்டில் இல்லை என்பது அவர்கள் சொன்ன குறைகளில் ஒன்று. நம் குழந்தை உட்காருவது பின்னால்தானே!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காருகிறோம். மோதல் என்று வந்தால் எந்தத் தாயின் கைக்கும் குழந்தையைப் பிடித்து நிறுத்தும் பலம் கிடையாது. போதாததற்கு எதிரே காற்றுப்பை வேறு. இருக்கை தாங்கும் எடை, உயர வரம்பு வரைக்கும் குழந்தையைப் பின்னோக்கியே உட்கார வைக்கச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம். ஒரு குழந்தை இருக்கை வாங்குங்கள். அதில் தள்ளுபடி பார்க்காவிட்டாலும் பாதகமில்லை.

அப்புறம் என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? அன்று ராத்திரி மாப்பிள்ளை, "வேண்டாம் அத்தை, விட்டுடலாம்" என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. எனக்கே பாவமாகிவிட்டது. குடும்பத்துக்காக ஆசையை விடுகிறவர்களை நாம் பாராட்டுகிறோம். ஆனால் விட்ட ஆசை சில பேரிடம் வேறு வழியில் எரிச்சலாகத் திரும்பி வருவதையும் பார்த்திருக்கிறேனே!

வழி சொன்னதும் மகள்தான். "பாப்பாவை விடற நாள்ல நீங்க பழைய காரை எடுத்துக்குங்க. உங்க குதிரையை நான் ஓட்டறேன். நான் திருநெல்வேலியில கிளட்ச் மிதிச்சுக் கத்துக்கிட்டவ!" என்றாளே பார்க்கலாம். அந்தத் திட்டத்தில் குழந்தை அந்தக் கார்ப் பக்கமே போகவேண்டாம். அதுதான் நிபந்தனை என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்தது பணம். கடையில் இருந்தவர் விலையைப் பேசவே இல்லை. "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். நம் ஊர்த் தவணைக் கடையேதான்! கணக்குச் சுலபமாக இருக்க, 30,000 டாலர் வண்டி, 2,000 தள்ளுபடி, பாக்கி 28,000 கடன், 6 சதவிகித வட்டி என்று வையுங்கள். 48 மாதத்தில் கட்டினால் மாதம் சுமார் 658 டாலர். மொத்த வட்டி 3,560 சொச்சம். 72 மாதம் என்றால் மாதம் 464-தான், கேட்க இனிக்கும். ஆனால் வட்டி 5,410 ஆகிவிடும். வித்தியாசம் ஏறக்குறைய 1,850. ஆக, கொடுத்த தள்ளுபடியைத் தவணையில் திருப்பி வாங்கிக்கொண்டாயிற்று! மாப்பிள்ளை கையிலிருந்த சேமிப்பைப் போட்டுக் கடனைக் குறைத்து, 48 மாதத்துக்கே கையெழுத்துப் போட்டார்.

கையெழுத்துப் போடுமுன் பார்க்கவேண்டியவை:

1. இன்ஷூரன்ஸ் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். வேக வண்டிக்கு அது தனிச் செலவு.

2. வெகுநாள் நின்ற வண்டியா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2422 என்றால் 2022-ஆம் வருஷம் 24-ஆம் வாரம் செய்தது.

3. உத்தரவாதம் எந்தத் தேதியிலிருந்து என்று எழுத்தில் வாங்குங்கள். வாடிக்கையாளர்களுக்கு ஓட்டிக் காட்டிய வண்டி என்றால் முன்பே தொடங்கியிருக்கலாம்.

4. மூன்று வருஷத்தில் விற்கிற எண்ணமா? பழைய மாடல் அன்றைக்கும் ஒரு வயது மூத்ததாகவே கணக்காகும். பத்து வருஷம் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலை பெரிதல்ல.

5. பனி பெய்யும் ஊரில், பின் சக்கரம் இழுக்கும் வண்டிக்குக் குளிர்கால டயர் செலவையும் விலையோடு கூட்டுங்கள்.

கார் வாங்காதவர்களுக்கும் இது பொருந்தும். ஃபிரிட்ஜோ கிரைண்டரோ, பழைய மாடலா புதிய மாடலா என்று கடைக்காரர் கேட்கும்போது நாம் அந்த இரண்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறோம். இரண்டிலும் மாறாமல் இருப்பது எது, அது நம் வீட்டுக்குச் சரிப்படுமா என்று முதலில் பாருங்கள். அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் தள்ளுபடியை.

ஊர் திரும்புமுன் மகள் என்னை அந்தக் காரில் முன் சீட்டில் உட்காரவைத்து ஒரு சுற்று அழைத்துப் போனாள். ஏறும்போதே முழங்கால் "உம்" என்றது. வாசலில் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை கையசைத்தார். மகள் கியரை மாற்றினாள். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அவள் முகத்தில் மட்டும் அப்படி ஒரு சிரிப்பு!

ஊருக்கு வந்ததும் அந்த ஊதாப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். நன்றாகத்தான் இருக்கிறது என்றார் இவர்.